முதல் வரியில் பிள்ளையார் சுழி

உ

நைனார்பாளையம்,
சித்திரைத் திங்கள்

அன்பிற்சிறந்த மாப்பிள்ளை அறிவுச்செல்வன் அவர்களுக்கு, மாமனார் தெய்வசிகாமணி எழுதுவது.

ஈசன் திருவருளால் இங்கு நானும், தங்கள் மாமியார் ஆண்டாளும், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் தேவிப்ரியாவும், இன்னும் பெயர் பெறாத அந்தச் சிற்றுயிரும் நலம். பெங்களூரில் தாங்கள் வேளைக்கு உண்டு நலமாயிருக்க நாளும் வேண்டுகிறேன். நேற்றுத் தொலைபேசியில் தாங்கள், "மாமா, இனிமே அந்த ஃபைல நீங்க தொடவே வேணாம்" என்று கூறி, என் மறுமொழிக்குக் காத்திராமல் மீட்டிங் என்று வைத்துவிட்டீர்கள். ஆகவே நடந்ததை முறையாக எழுத்தில் வைக்கிறேன்.

கல்வராயன் மலையின் மழையையும் அடிவாரத்து மழையையும் ஒப்பிடும் அத்தியாயமே தேவிப்ரியாவின் ஆய்வுக்கு உயிர் என்பது தாங்கள் அறிந்ததே. மலையில் என் பழைய சக ஆசிரியர் செபாஸ்தியான் தம் தோட்டத்தில் மழைமானி வைத்திருக்கிறார். இங்கே கொல்லையில் நான் வைத்திருக்கிறேன். டிசம்பர் தொடங்கி மார்ச் முடிய, ஆளுக்கொரு கோப்பில், நாளுக்கு ஒரு வரியாக, நாளின் வரிசை எண்ணையும் அதன் பக்கத்தில் மழையளவையும் தட்டச்சு செய்து வைத்தோம். வெள்ளி மாலைக்குள் கணக்கு வராவிட்டால் மலை அத்தியாயத்தையே நீக்கிவிடலாம் என்று அவளுடைய வழிகாட்டி அம்மையார் சொல்லிவிட்டார். மருத்துவரோ, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, உட்காரக் கூடாது, இடப்பக்கம் ஒருக்களித்தே படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆகவே அவள் படுத்தபடி சொல்ல, நான் நீராடித் திருநீறு பூசி மடிக்கணினியின் முன் அமர்ந்தேன்.

ஃபோர்ட்ரான் என்னும் அந்தக் கணினி மொழி தொடக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஓபன் என்பது நடை திறப்பு. திறந்த கோப்புக்கு ஓர் எண் சூட்டப்படுகிறது. அதன்பின் அந்த எண்ணைச் சொல்லியே அழைக்க வேண்டும். ரீட் என்று ஒருமுறை சொன்னால் ஒரு வரியை வாசித்து, கேட்ட பொருள்களை வரிசைப்படி எடுத்துக் கொடுக்கும். மறுமுறை சொன்னால் அடுத்த வரி. க்ளோஸ் என்பது நடை சாத்துதல். இத்தனை நியமம் உடைய மொழி நாத்திகமாக இருக்க இயலாது என்று மகிழ்ந்து, அவள் சொன்ன நிரலைத் தட்டச்சு செய்து இயக்கினேன். என் கோப்பின் முதல் வரியில் எண் இல்லை, பிழை என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு நின்றுவிட்டது.

"மொத வரியில இன்னாப்பா இருக்குது?" என்றாள் தேவிப்ரியா.

"எப்பவும் இருக்கறதுதாம்மா. பிள்ளையார் சுழி."

"அய்யோ அப்பா! அது நம்பரு வரும்னு பாத்துகினு இருக்குது. நீங்க 'உ' போட்டா இன்னா பண்ணும் பாவம்? அழிச்சிடுங்க."

மாப்பிள்ளை, தாங்களே சொல்லுங்கள். நிறைமாதக் கர்ப்பிணி படுத்திருக்கும் வீட்டில், இட்ட சுழியை என் கையாலேயே அழிப்பதா? மாட்டேன் என்றேன். அவள் சுவர்ப்பக்கம் பார்த்து அழத் தொடங்கினாள். தங்களுக்குத் தொலைபேசி செய்ததும் அப்போதுதான். அடுக்களையிலிருந்து ஆண்டாள், "கேஸ் புக் பண்ற மெசேஜ்லயே சுழி போட்ட மனுசன்டி இவரு. சிலிண்டர் வராம வெறகு வெச்சி ஊதிகினு கெடந்தேன். புள்ளத்தாச்சியக்கூட அழ வெக்கிறாரு பாரு" என்றாள். அச்செய்தி உண்மையே ஆயினும் அந்த வேளையில் தேவையற்றது.

சற்று நேரம் கழித்து மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அழிக்க வேணாம். எல்லா வரியும் திரும்பத் திரும்பப் படிக்கிற சுத்துக்கு மேல வெறும் ரீட் ஒண்ணு போடுங்க. பிராக்கெட்டுக்குள்ள ஃபைல் நம்பரு, ஒரு கமா, ஒரு நட்சத்திரம். அவ்ளோதான், பின்னாடி எதையும் கேக்காதீங்க" என்றாள். அவ்வாறே செய்தேன். நிரல் சுழியை அணுகி, எதையும் கேளாமல், எதையும் எடாமல், அடுத்த வரிக்குச் சென்று வாசிக்கத் தொடங்கிற்று. வரம் கேளாமல் வணங்குவது அடியார்க்கும் அரிது. பிள்ளையாருக்கு இவ்வாறு தலைதாழ்த்தத் தெரிந்த இயந்திரத்தை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

ஆயினும் சோதனை முடியவில்லை. விடையைப் பார்த்த மகள் மருத்துவர் சொல்லையும் மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மாசி தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், மழை சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போய்ப் பங்குனியில் நூறு மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டியிருந்தது. "அப்பா, வூடே மெதந்திருக்கணுமே! இன்னா எழுதி வெச்சீங்க?" என்றாள். மழையில்லாத நாள்களில் நாளின் எண்ணை மட்டும் எழுதி, மழையளவின் இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். நிரலோ வரிக்கு இரண்டு எண் கேட்பது. ஒன்றுதான் கிடைத்தால் அடுத்த வரிக்கு இறங்கி, அங்குள்ள நாளின் எண்ணையே மழையளவாக எடுத்துக்கொள்ளுமாம்.

"பூஜ்யம் போட்டிருந்தா முடிஞ்சுதே!"

"மழைக்கு நேரே பூஜ்யம் எழுத எனக்குக் கை வரலம்மா. நம்ம உழவர் வூடு."

அவள் சினக்கவில்லை. "பெய்யலன்றதயும் சொல்லணும்பா. சொல்லலன்னா அது பக்கத்து வரிய எடுத்துக்கும்" என்றாள். விநாயகரிடம் பிழைபொறுக்க வேண்டிக்கொண்டு, வறண்ட நாள்களுக்கெல்லாம் பூஜ்யம் இட்டேன். இரண்டு கோப்புகளிலும் நிரல் தடையின்றி ஓடி, கணக்கு இன்று காலை அனுப்பப்பட்டது. ஆகவே கோப்பைத் தொடலாகாது என்ற தங்கள் தடையை நீக்கக் கோருகிறேன்.

தாங்கள் நீடு வாழ்க. பிறக்கும் மழலை தங்கள் அறிவும் எங்கள் பக்தியும் கொண்டு, இரண்டில் எதுவும் மிகாமல் வளர்க.

இங்ஙனம்,
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் வழிகாட்டி அம்மையார் அழைத்தார். மலைப்பாதையையே அறுத்துப்போட்ட டிசம்பர் முதல் தேதிப் பெருமழை நம் கணக்கில் காணவில்லையாம். மலை அத்தியாயமே அதை நம்பித்தானே நிற்கிறது! செபாஸ்தியானின் கோப்பில் சுழி ஏது? அதன் முதல் வரியே அந்த மழைதான். நம் வெறும் ரீட் அதையும் எடுக்காமல் கடந்துவிட்டது. அவரை அழைத்தால், "இன்னா சார், என் மழைய உங்க புள்ளையாரு முழுங்கிட்டாராமே?" என்றார். மேலே ஏதேனும் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள் என்றேன். "எதுன்னாலும் சரியா? அப்ப நான் சிலுவ போட்டுக்கறேன்" என்று கூட்டல் குறி ஒன்றை இட்டு அனுப்பினார். நிரல் அதையும் அதே பணிவோடு கடந்தது. மழை திரும்பி வந்தது. மாலைக்குள் அத்தியாயம் ஏற்கப்பட்டது. தேவிப்ரியா இடப்பக்கம் படுத்தபடியே சிரித்துக்கொண்டிருக்கிறாள், ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறது. ஆதலால், பிள்ளையாருக்குத் தலைதாழ்த்தும் இயந்திரம் என்று நான் மேலே எழுதிய வரியை, அந்த நிரலைப் போலவே, ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் கடந்து செல்லவும்.