வயிற்றுக்குள் வைக்கும் துணியைக் கொளுத்திப் பார்த்த கதை

துணிக்கடைக்காரன் கையில் எதைக் கொடுத்தாலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே அதைத் தேய்த்துப் பார்க்கும். கல்யாணப் பந்தியில் மேசை விரிப்பைத் தேய்ப்பேன். துக்க வீட்டில் கோடித் துணியைத் தேய்த்துப் பார்த்து மனைவியிடம் கிள்ளு வாங்கியிருக்கிறேன். (சுமாரான துணிதான்.) தி.நகரில் பட்டுக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது கூடப் பிறந்த வியாதி. அந்த வியாதி தேனாம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியையே நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தது.

எனக்குத் தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு இருந்தது. படுத்தால் உள்ளே போகும், புடவைக் கட்டைத் தூக்கினால் வெளியே வரும். தொளதொளவென்று சட்டை போட்டு மறைத்து, கேட்டவர்களிடம் "வாயு" என்று சொல்லிக் காலத்தை ஓட்டினேன். ஒருநாள் வெளியே வந்தது உள்ளே போக மறுத்துவிட்டது. வாந்தியும் வலியுமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் என்ன நினைத்ததோ, தானே உள்ளே போனது.

"இது ஹெர்னியா. வயித்துச் சுவர்ல ஓட்டை விழுந்திருக்கு. அதுல குடல் மாட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து. தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

உயிரைவிட எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம்தான் முதலில் வந்தது. அவருக்கும் இதே கோளாறு. அந்தக் காலத்தில் வயிற்றை நீளமாகக் கிழித்துத் தைத்தார்கள். தையல் விட்டுப்போய்த் திரும்பவும் வந்தது. அதன்பிறகு அவர் ஒரு புடவையைக்கூடத் தூக்கவில்லை, கல்லாவில் உட்கார்ந்தே காலம் முடிந்தது. வெள்ளை மெத்தையில் சம்மணமிட்டு, வாடிக்கையாளர் முன்னால் ஒரே வீச்சில் புடவையை விரிப்பதுதான் எனக்குப் பிழைப்பு, சந்தோஷம், திமிர் எல்லாம். அது போய்விட்டால் நான் வெறும் தொப்பைதான்.

"இப்ப அப்படிக் கிழிக்கறதில்ல. லேப்ராஸ்கோப்பி. மூணு சின்னத் துளை, ஒரு கேமரா. ஓட்டையைத் தைச்சு மேல ஒரு வலை வைப்போம்" என்று சொல்லி, இழுப்பறையிலிருந்து அந்த வலையின் மாதிரித் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து அறை நோயாளியைப் பார்க்கப் போனார். (என் கையில் கொடுத்துவிட்டு!)

தேய்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு முனையையும் இழுத்தேன். பின்னல் பிரமாதம். ஆனால் என்ன நூல்? ஆயுசுக்கும் உள்ளே இருக்கப்போகிற துணி ஆயிற்றே! டாக்டரைக் கேட்டிருக்கலாம். எங்கள் கடை வழக்கம் வேறு. தரகர் கொண்டுவரும் புடவையில் ஒரு நூலை உருவிக் கொளுத்துவோம். பட்டென்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் பொடியாகும். அதற்காகவே, சிகரெட் பழக்கமில்லாத என் சட்டைப்பையிலும் எப்போதும் லைட்டர் இருக்கும்.

"ஏங்க, என்ன பண்ணுதீங்க?" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி வடிவு.

"ஓரத்துல ஒரு நூல்தான்."

நூல் உருவ வரவில்லை. மூலையையே தீயில் காட்டினேன். அது உருகியது. எரியும் சொட்டு ஒன்று மேசையின் பிளாஸ்டிக் விரிப்பில் விழ, விரிப்பு குப்பென்று பிடித்தது. வடிவு பிளாஸ்க்கைத் திறந்து மொத்தக் காப்பியையும் கொட்டினாள். தீ அணைந்தது, புகை கிளம்பியது. கூரையில் இருந்த அலாரம் அலறியது.

வயிற்றைப் பிடித்தவர்களும் இடுப்பைப் பிடித்தவர்களுமாக எல்லோரும் படியிறங்கி வாசலுக்கு வந்தார்கள். கருகிய வலையோடு நின்ற என்னைப் பார்த்து செக்யூரிட்டி கத்தினார்: "இன்னா சார், வைத்தியம் பாக்க வந்தியா, கொளுத்திப்புட்டுப் போலாம்னு வந்தியா? கைல வேற வச்சிக்கினு கீற!"

டாக்டரம்மா வந்தார். என்னைத் துரத்திவிடப் போகிறார், என் குடல் மாட்டிக்கொண்டு நான் சாகப்போகிறேன் என்று முடிவே செய்துவிட்டேன். அவர் வலையை வாங்கிப் பார்த்தார்.

"சோதனை முடிஞ்சுதா?"

"பட்டு இல்லீங்க டாக்டர்." (சத்தியமாக இதைத்தான் சொன்னேன்.)

"இல்லதான். பிளாஸ்டிக் நூல். இனிமே வாயால கேளுங்க."

கேட்டேன். "சுருங்குமா?"

அவர் முகம் மாறியது. "நல்ல கேள்வி. கொஞ்சம் சுருங்கும். அதனாலதான் ஓட்டையைவிடப் பெருசா, சுத்திலும் மிச்சம் விட்டு வைக்கிறோம்."

"மேல்பக்கம் கீழ்பக்கம் உண்டா?"

"உண்டு. ஒரு பக்கம் சதையோட ஒட்டிக்கும். குடலைப் பாக்கிற பக்கம் ஒட்டாது."

நடைபாதையில் நின்றபடியே என் பயம் பாதி இறங்கியது. இவரும் நம் தொழில்தான் என்று தோன்றிவிட்டது.

எவர் மேசையைக் கொளுத்தினேனோ அவர் கையிலேயே வயிற்றை ஒப்படைத்துவிட்டு மயங்கினேன். விழித்தபோது மூன்று சின்ன பிளாஸ்திரிகள்தான் இருந்தன. "ஆபரேஷன் எப்ப?" என்று நர்ஸிடம் கேட்டேன். அன்று மாலையே வராந்தாவில் நடந்தேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா என் வயிற்றுக்குள் எடுத்த வீடியோவைக் காட்டினார். காற்று நிரப்பிய வயிறு ஷாமியானா போல உயர்ந்து நின்றது. கூரையில் ஓட்டை. அதற்குள் நுழைந்திருந்த குடலை இரண்டு மெல்லிய கம்பிகள், தூங்கும் குழந்தையைத் தோளிலிருந்து இறக்குவதுபோல இறக்கின. ஓட்டையைத் தைத்தன. பிறகு அந்தத் துணி, பாய்போலச் சுருட்டப்பட்டு ஒரு குழாய் வழியே உள்ளே வந்தது. கம்பிகள் அதை விரித்தன. வாழ்நாளெல்லாம் நான் புடவை விரித்திருக்கிறேன். இரண்டு கையால், கண்ணெதிரே, விசாலமான மெத்தையில். இவரோ டிவியைப் பார்த்துக்கொண்டே, இரண்டு குச்சியால், இருட்டு வயிற்றின் கூரையில் ஒரு மடிப்பில்லாமல் விரித்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டேன். சாமி முன்னால்கூட அவ்வளவு மனதாரக் கும்பிட்டதில்லை.

சில மாதம் கழித்து, மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க டாக்டரம்மா எங்கள் கடைக்கே வந்தார். ஒரே வீச்சில் விரித்து, "சுத்தப் பட்டு டாக்டர்" என்றேன். அவர் கைப்பையைத் திறந்து ஒரு லைட்டரை எடுத்து மெத்தையில் வைத்தார்.

கடை முழுக்கச் சிரிப்பு. முந்தானையில் ஒரு நூலை நானே உருவிக் கொடுத்தேன். கொளுத்தி, முகர்ந்து, சாம்பலை நசுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். "மேல் அடுக்குல இருக்கற கட்டையும் எடுங்க" என்றார். எழுந்து, முழுக்கட்டையும் இரண்டு கையால் தூக்கி இறக்கினேன். திரும்பினால், அவர் கண் புடவைப் பக்கமே இல்லை. என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் எங்கள் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பையனுக்கு உண்மையிலேயே தங்கமான குணம்தானா என்று வாசலிலேயே முணுமுணுத்தேன். வடிவு உள்ளே திரும்பி மகளிடம் சொன்னாள்: "அப்பா கைல இருக்க லைட்டர முதல்ல வாங்கி வையி."