துணைவியைக் கேட்காத துணைநூல் பட்டியல்

இனிமேல் என் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு புள்ளி வைப்பதற்குக்கூட மனைவியிடம் போய் நிற்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை சபதம் எடுத்தேன். அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. சபதம் வெளியே கேட்கவில்லை. ஒருவகையில் அது நல்லதுதான்.

எனக்கு எறும்பு ஆராய்ச்சி. எறும்புகள் ஏன் வரிசை தவறுவதில்லை என்று நான்கு வருடம் தரையில் குப்புறப் படுத்துக் கண்டுபிடித்து, பெரிய ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். பதில் வந்திருந்தது. "ஆய்வு அருமை. துணைநூல் பட்டியல் எங்கள் முறைப்படி இல்லை. உலகில் எவருடைய முறைப்படியும் இல்லை. பன்னிரண்டு நாளில் திருத்தி அனுப்பாவிட்டால் கட்டுரையை ஏற்க இயலாது."

யார் யார் எழுதியதைப் படித்துவிட்டு நாம் எழுதினோம் என்று கட்டுரையின் கடைசியில் ஒப்புக்கொள்கிற இடம்தான் துணைநூல் பட்டியல். என் பட்டியலில் எண்பத்தேழு பேர். குடும்பப் பெயர் முதலில், பிறகு காற்புள்ளி, பிறகு தலையெழுத்து, அதற்கொரு புள்ளி, அடைப்புக்குறிக்குள் வருடம், இதழின் பெயர் மட்டும் சாய்வெழுத்தில். இப்படி எண்பத்தேழு தலையெழுத்தைச் சரிசெய்ய வேண்டும். என் தலையெழுத்து அது.

மனைவி கல்லூரி நூலகர். இதையேதான் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறாள். அவளிடம் நீட்டினால் முடிந்தது. ஆனால் போன கட்டுரைக்கு நீட்டியதன் பலனை அவள் அண்ணன் வீட்டில் அனுபவித்தேன். "எறும்புக்கு ஆறு காலுங்கறது மட்டும் இவரு கண்டுபிடிச்சது. மீதியெல்லாம் நான்" என்று சபையில் சொன்னாள். மைத்துனர் என்னை அன்று முழுக்க 'ஆறுகாலு' என்றே கூப்பிட்டார்.

"ஏங்க, கட்டுரை என்னாச்சு?" என்றாள் மனைவி, காலை காபியைக் கையில் கொடுத்தபடி.

"ஏத்துக்கிட்ட மாதிரிதான்."

"மாதிரின்னா?"

"கொஞ்சம் ஒப்பனை வேலை பாக்கி."

"பட்டியலா?"

"சேச்சே."

"பட்டியல்தான். காது சிவக்குது பாருங்க."

"நானே பாத்துக்கறேன்."

"சரி, பாத்துக்கங்க."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை.

இரண்டு நாள் தனியாகப் போராடினேன். ஒன்பதாம் ஆசிரியருக்குப் பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று தெரியவில்லை. இரண்டுமே ஊர்ப் பெயர் மாதிரி இருந்தன. ஒரு வரியைச் சாய்த்தால் பத்து வரி சேர்ந்து சாய்ந்தது. புதன்கிழமை மாலைக்குள் நானும் சாய்ந்துவிட்டேன்.

அடுத்த நாள் ஆய்வுக்கூடத்தில் பக்கத்து அறை நத்தைக்காரரிடம் மனசைத் திறந்தேன். அவர் நத்தை ஆராய்கிறவர். பதிலும் அந்த வேகத்தில்தான் வரும்.

"பேசாம வீட்டம்மாகிட்டக் குடுத்துடுங்க" என்றார், டீ ஆறிய பிறகு.

"குடுத்தா மானம் போயிடும். கேக்காமலே செய்ய வைக்கணும்."

"எப்படி?"

"தப்பைப் பாத்தா அவளால சும்மா இருக்க முடியாது. லிப்டுல ஒட்டியிருந்த நோட்டீசைத் திருத்தினவ அவ. கல்யாணத்துக்கு முன்னாடி நான் எழுதின காதல் கடிதம் ஏழு இடத்துல சிவப்பு மை போட்டுத் திரும்பி வந்துச்சு."

"சம்மதம்னு எழுதியிருந்தாங்களா?"

"அது எட்டாவது திருத்தம். 'சம்மதமா'ங்கற இடத்துல துணைக்காலை அடிச்சு, மேல புள்ளி வச்சிருந்தா."

திட்டம் இதுதான். பட்டியல் ஐந்து பக்கம். தினம் ஒரு பக்கத்தைச் சாப்பாட்டு மேசையில் 'மறந்து' வைத்துவிட்டுப் போவது. தூண்டில் பலமாக இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே சில பிழைகளைச் சேர்க்கப் பார்த்தேன். சேர்க்க இடமில்லை. எல்லா இடத்திலும் ஏற்கெனவே இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை முதல் பக்கத்தை வைத்தேன். மாலை வந்து பார்த்தால் காணோம்.

"இங்க ஒரு தாள் இருந்துச்சே?"

"தாளா? என்ன தாள்?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"சும்மா தாளுக்கு ஏன் மேசைக்கடியில எல்லாம் தேடறீங்க?"

மறுநாள் மாலை அதே இடத்தில் புதிதாய்த் தட்டச்சு செய்த பக்கம் கிடந்தது. காற்புள்ளி ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். சாய வேண்டியது சாய்ந்திருந்தது, நிற்க வேண்டியது நின்றது. ஒன்பதாம் ஆசிரியர் தம் குடும்பத்தோடு சேர்ந்திருந்தார்.

இரண்டாம் பக்கத்தை வைத்தேன். சிரிப்பை அடக்கப் போய் எனக்கு விக்கல் எடுத்தது.

"தண்ணி குடிங்க. யாரோ உங்களை நினைக்கிறாங்க போல" என்றாள். "ஒருத்தர் இல்ல, நிறையப் பேரு."

நான்காம் நாள் அவளே கேட்டாள். "இன்னிக்கு ஏதும் மறந்து வச்சிட்டுப் போகலியா?"

"எதை?"

"குடையை."

ஐந்து பக்கமும் வந்து சேர்ந்தன. பன்னிரண்டு நாள் கெடு. பத்தாம் நாளே அனுப்பினேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு உதவி கோரவில்லை. திருமணமாகிப் பதினாறு வருடத்தில் நான் அவளை ஜெயித்த முதல் வாரம் அது. நடையே மாறிவிட்டது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினேன்.

அடுத்த வாரம் ஆய்விதழ் ஆசிரியரின் கடிதம் வந்தது. கட்டுரை ஏற்கப்பட்டது. கூடவே ஒரு வரி: "இத்தனை சுத்தமான துணைநூல் பட்டியலை என் பணிக்காலத்தில் கண்டதில்லை." ஆய்வுக்கூடம் முழுக்கக் காட்டினேன். நத்தைக்காரர் எழுந்து நின்று கைகுலுக்கினார். எழுந்திருக்கவே அவருக்கு நேரம் பிடித்தது, ஆனாலும் எழுந்தார். "ஐயா, இந்த வித்தையை எனக்கும் சொல்லித் தாங்க" என்றார்.

வீட்டில் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். மனைவி முழுக்கக் கேட்டாள்.

"ரொம்ப சந்தோஷம். யாரு பண்ணினது அந்தப் பட்டியல்?"

"வேற யாரு? எல்லாம் என் திட்டம்தான்."

"அதானே." சற்று நேரம் தட்டைத் துடைத்தாள். "வெள்ளிக்கிழமை எங்க லைப்ரரில ஒரு கூட்டம் இருக்கு. துணைநூல் பட்டியலைப் பத்தி. நீங்கதான் சிறப்பு விருந்தினரா வரணும்னு முதல்வர் சொல்றாரு."

"என்னையா?"

"உங்க பட்டியலைப் பத்தி எங்க பசங்க அத்தனை பேருக்கும் தெரியும்."

"அவ்வளவு தூரம் பரவிடுச்சா?"

"மனப்பாடமாவே தெரியும்."

புதுச் சட்டை எடுத்து நானே இஸ்திரி போட்டேன். உரையும் தயார் செய்தேன்: 'ஒழுங்கு என்பது எறும்பிடம் நான் கற்றது'. நத்தைக்காரரையும் வரச் சொன்னேன். முதல் நாளே கிளம்பிவிடும்படி எச்சரித்தேன்.

நூலகக் கூடத்தில் நாற்பது மாணவர்கள். நான் நுழைந்ததும் மொத்தப் பேரும் எழுந்து கைதட்டினார்கள். சிலர் என்னைப் பார்க்க எட்டி எட்டி நின்றார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "சார், உங்களால நான் ராத்தூக்கமே இல்லாம இருந்தேன்" என்றாள். ஆராய்ச்சிக்கு இப்படி ஒரு ரசிகையா என்று நெஞ்சு நிமிர்ந்தது. மேடையில் உட்கார்ந்து தலையை ஆட்டிப் பணிவாகச் சிரித்தேன்.

அப்புறம்தான் மேசைகளைக் கவனித்தேன். ஒவ்வொரு மாணவர் முன்னாலும், நான் 'மறந்து' வைத்த ஐந்து பக்கங்களின் நகல் இருந்தது. நாற்பது பேர் கையெழுத்தில் சிவப்பு மை. ஓரத்தில் மதிப்பெண்.

மனைவி மைக்கைச் சரிசெய்துகொண்டாள்.

"இந்த வருஷப் பரீட்சைக்கு வேண்டிய இருநூத்துப் பதினாலு தப்பையும் வெளி உதவி இல்லாம, ஒரே ஆளா எழுதிக் கொடுத்தவர் இவர்தான்."