ஓரத்தில் நின்ற காலண்டர்

மலாயா சுதந்திரம் வாங்குவதற்கு முந்தி மலாக்கா காஜா பேராங்கில் பிடித்த எந்தக் கல்யாணப் போட்டோவை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். வலது ஓரத்தில் ஒருத்தர் கையில் காலண்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் இல்லையென்றால், அவர் நின்ற இடத்தில் கத்தரிக்கோல் போன தடம் இருக்கும். இரண்டில் ஒன்று நிச்சயம். இதை மறுத்து யாராவது கடிதம் எழுதினால் பதில் போட எனக்குத் தெம்பில்லை. எதையும் நிரூபிக்கிற தெம்பு எனக்குப் பதினெட்டு வயதிலேயே தீர்ந்துவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அவரை எல்லோரும் காலண்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முச்சந்தியில் வெற்றிலை, சுருட்டு, வாரப் பத்திரிகை விற்கும் ஒட்டுக்கடை வைத்திருந்தார். கடையில் சாமியும் சீனன் கடைக் காலண்டரும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். தினம் ஒரு தாள் கிழிக்கிற குண்டுக் காலண்டர். தேதி உள்ளங்கை அளவு இருக்கும், மேலே மாதமும் வருஷமும். யார் வீட்டிலாவது மேளச் சத்தம் கேட்டால் போதும், மனிதர் ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அழைப்பு வந்ததா என்று பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

அந்த வட்டாரத்துக்கு ஒரே ஒரு சீனப் போட்டோக்காரர், முதலாளி என்ற அர்த்தத்தில் எல்லோருக்கும் ‘தவுக்கே’. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் இவரைக் கண்டதும் அலறிக்கொண்டு வெளியே வருவார்.

“அய்யோ, லூ லாகி!” மறுபடியும் நீயா என்று அர்த்தம்.

“நீ பாட்டுக்குப் புடி தவுக்கே. நான் ஓரமாத்தான் நிக்கிறேன்.”

“ஓரமாத்தான் நிக்கிறேன்” என்று சொல்லிச் சொல்லியே நூறு கல்யாணத்தில் நின்றிருப்பார். மாப்பிள்ளை முறைப்பார், பெண்ணின் தாய்மாமன் சட்டைக் கையை மடிப்பார், அண்ணன் அசையமாட்டார். கல்யாணம் மட்டுமா? செத்த வீட்டில் பெட்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுப்பார்களே, அங்கேயும் இதே காலண்டர். ஒரு பெரியவர் இறந்தபோது அவருடைய சம்சாரம் அழுகையை நிறுத்திவிட்டு இவரைத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழ ஆரம்பித்தார். அந்தப் போட்டோவிலும் தேதி பளிச்சென்று விழுந்திருக்கிறது.

ஏன் அண்ணே இப்படி என்று கேட்டால், கொட்டைப் பாக்கை வெட்டிக்கொண்டே அலுப்பாக ஒரே பதில்தான் சொல்வார்.

“ஒரு நாளைக்குக் கேப்பானுங்க தம்பி.”

யார் கேட்பார்கள், எதைக் கேட்பார்கள் என்று சொல்லமாட்டார். கழன்ற கேஸ் என்று ஊர் முடிவு கட்டியது. நானும்தான்.

சுதந்திரம் வந்தது. கொடி மாறியது, ஊரெல்லாம் தோரணம் கட்டினார்கள், மறு வருஷம் எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அதன் கடைசி வரியை நான்தான் படித்துச் சொன்னேன்: மாத முடிவுக்குள் பிரஜாவுரிமைப் பத்திரத்தோடு வரவேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு.

நான் பிறந்தது இந்தியாவில். யுத்தம் முடிந்து, ஏழு வயதில் கப்பலில் வந்தேன். இங்கேயே தொடர்ந்து இருந்ததற்கு அத்தாட்சி காட்டினால்தான் பத்திரம். பள்ளிக்கூடக் கடிதம் இருந்தது, ஆனால் நடுவில் இரண்டு வருஷம் ஓட்டை. அந்தச் சமயம் அம்மா, தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தம்பி தங்கச்சிகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார். நான் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு மளிகைக் கடையில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தேன்.

பதிவு அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு மலாய்க்கார அதிகாரி. நல்ல மனிதர், ஆனால் காலையிலிருந்து எங்களைப் போல் எத்தனை பேரைப் பார்த்தாரோ, களைத்துப்போயிருந்தார். அம்மா பிள்ளைகளோடு கப்பலேறியதற்குப் பதிவு இருக்கிறது, அதில் நீ இல்லை என்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்.

“அப்பாவைக் கேளுங்க துவான்.” துவான் என்றால் ஐயா.

“அப்பா சாட்சி செல்லாது.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் பொறி தட்டியது. அந்த இரண்டு வருஷத்துக்குள்தானே எங்கள் சித்தப்பா கல்யாணம் நடந்தது! போட்டோவில் நான் இருக்கிறேன். எனக்குப் பக்கத்தில்தான் காலண்டர் அண்ணன் நின்றார். அடடா, இதற்குத்தானா ஐயா தூக்கிக்கொண்டு அலைந்தீர் என்று வீட்டுக்கு ஓடினேன்.

சுவரில் இருந்த போட்டோவில் சித்தப்பா இருந்தார், சித்தி இருந்தார், நான் இருந்தேன். என் தோளில் ஒரு கை இருந்தது. கைக்குச் சொந்தக்காரர் இல்லை.

“அம்மா! இந்த ஓரத்தை வெட்டுனியா?”

“வெட்டுனேன். ஊர்லேருந்து ஆசை ஆசையா கண்ணாடிச் சட்டம் கொண்டாந்தேன், போட்டோ மூணு விரல் அகலம் கூட. யாரை வெட்டுறது? அந்தப் பக்கம் சம்பந்தி, வெட்டுனா சண்டை. இந்தப் பக்கம் காலண்டரு. கையையும் எடுத்திருப்பேன், உன் தோளு போயிடுமேன்னு விட்டேன்.”

அந்தப் போட்டோவுக்கு மொத்தம் மூன்று பிரதிகள். சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். அங்கேயும் வெட்டு. “தேதி தெரிஞ்சா என் வயசைக் கணக்குப் போடுவாளுங்க” என்றார் சித்தி. அலோர் காஜாவில் சம்பந்தி வீட்டுக்குப் பஸ் பிடித்துப் போனேன். அதைக் கரையான் தின்று, மாப்பிள்ளையின் தலைப்பாகையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. திரும்பி வந்து பார்த்தால் தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் அவரவர் போட்டோவைக் கழற்றி வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அத்தாட்சி வேண்டும், எல்லோரும் அத்தாட்சியைத்தான் வெட்டியிருக்கிறோம். இத்தனை ஒற்றுமையாக நாங்கள் வேறு எந்தக் காரியமும் செய்ததில்லை.

மாதம் முடிய நான்கு நாள்தான். வெட்கத்தை விட்டு ஒட்டுக்கடைக்குப் போனேன்.

“அண்ணே, உங்ககிட்ட ஒரு காப்பி இருக்குமா?”

“நான் எதுக்குத் தம்பி போட்டோ வாங்கணும்? எனக்குத்தான் தெரியுமே, நான் இருந்தேன்னு.”

அந்த நேரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்தார்.

“ஜப்பான்காரன் போன பொறவு, ஊர்லேருந்து பொண்டாட்டியைக் கூட்டியாரலாம்னு குடிநுழைவு ஆபீஸ் கவுண்டருக்குப் போனேன். நீ இத்தனை வருஷமா இங்கதான் இருந்தியா, என்ன அத்தாட்சின்னான். முன்னால நிக்கிறேனே, நான்தான்யா அத்தாட்சின்னேன். போதாதுன்னுட்டான். ஒரு வருஷம் அலைஞ்சேன். அவ அங்கயே போய்ச் சேர்ந்துட்டா.” சொல்லிவிட்டு ஒரு வெற்றிலையை எடுத்து வேட்டியில் துடைத்தார். “சரி, நாளைக்குக் காலையில கடையைச் சாத்துறேன். போட்டோவைச் சட்டத்தோட எடுத்துக்க. அங்க வந்து கெஞ்சாத. இது பிச்சை இல்ல, உரிமை. இல்லேன்னு சொன்னா, ஏன் இல்லேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு. எழுதச் சொன்னாத்தான் அவனுங்க ரெண்டு தடவை யோசிப்பானுங்க.”

அவரைக் கழன்ற கேஸ் என்று நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் அதிகாரி போட்டோவைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“தங்ஙான் சியாப்பா இனி?” இது யாருடைய கை என்கிறார்.

“என்னுது துவான்” என்று அண்ணன் எழுந்து, என் தோளில் அதேபோல் கையை வைத்து நின்றார். சுண்டுவிரல் லேசாக வளைந்த கை. போட்டோவிலும் வளைந்திருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். “கை சரி. தேதி?”

அண்ணன் என் விலாவில் இடித்தார். “கேளு.”

“இல்லேன்னா... ஏன் இல்லேன்னு எழுதிக் குடுங்க துவான்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அதிகாரி பெருமூச்சு விட்டார். பிறகு, போட்டோக் கடை முத்திரையாவது பின்பக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சட்டத்தைக் கவிழ்த்து, ஆணியை நெம்பி, அட்டையை எடுத்தார். அட்டைக்கும் போட்டோவுக்கும் நடுவிலிருந்து நீளமாக ஒரு துண்டு நழுவி மேசையில் விழுந்தது. மூன்று விரல் அகலம். அதில் காலண்டர் அண்ணன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார், நெஞ்சுக்கு நேராகத் தேதி, மாதம், வருஷம்.

அதிகாரி அந்தத் துண்டை நகர்த்தி நகர்த்திப் போட்டோவோடு சேர்த்தார். மணிக்கட்டு கையோடு வந்து பொருந்தியது. பிறகு முத்திரையைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தார். அண்ணன் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தச் சட்டை நல்லாத்தான் இருந்துச்சு. எங்க போச்சுன்னு தெரியல” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். அம்மா அசரவில்லை.

“உசுரோட இருக்கிற மனுசன் படத்தைக் குப்பையில போடுவாங்களாடா? அவருக்கு ஆகாது. அதான் உள்ளயே வச்சேன். வெட்டுனியான்னு கேட்ட, வெட்டுனேன்னேன். எங்க வச்சேன்னு கேட்டியா?”

செய்தி பரவி, அன்று சாயங்காலமே காஜா பேராங் முழுக்கச் சட்டத்தைப் பிரிக்கிற சத்தம். பாதி வீட்டில் அட்டைக்குப் பின்னால் காலண்டர் அண்ணன் இருந்தார். சிலர் வீட்டில் அரிசிப் பானைக்கு அடியில், ஒருத்தர் வீட்டில் பஞ்சாங்கத்துக்குள். எல்லா அம்மாக்களும் வெட்டியிருந்தார்கள், ஒருத்தரும் எறியவில்லை. அதற்குப் பிறகு கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் கையில் விண்ணப்பப் பாரத்தோடு ஒட்டுக்கடை முன்னால் நிற்க ஆரம்பித்தார்கள். எந்தக் கவுண்டர், என்ன கடிதம், யார் சாட்சி என்று அலுத்துக்கொண்டே சொல்லுவார், கடையைச் சாத்திவிட்டுக் கூடவும் போவார். கல்யாண வீட்டுக்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தபோது மட்டும் அவர் நகரவில்லை. “அதான் எல்லாம் கிடைச்சிருச்சே, இனி எதுக்கு? கால் வலிக்குது.”

நான் படித்து முடித்தேன். கடைசி நாள் கல்லூரியில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். எனக்கு நடுவில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நான் நழுவி வலது ஓரத்துக்குப் போய், சட்டைக்குள் மறைத்து வைத்திருந்த காலண்டரை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். முதல்வர் ஒரு வாரம் திட்டினார்.

அதை ஒட்டுக்கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் வெயிலில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிச்சிருக்கலாம்” என்றார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “இதுல எனக்கு ஒரு காப்பி வேணும் தம்பி.”

அவர் வாழ்நாளில் கேட்டு வாங்கிய ஒரே போட்டோ அதுதான். சாமி படத்துக்குப் பக்கத்தில், காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அதில் மட்டும்தான் அவர் இல்லை.