வெளிநாட்டுச் சொடக்குத் தக்காளி

யோகேஸ்வரி காகிதக் கூடு போலிருந்த காயைப் பறித்துப் புருஷன் நெற்றியில் அடித்தாள். பட்டென்று வெடித்தது.

“இது நம்மூரு சொடக்குத் தக்காளிங்க. ரயில்வே லைன் ஓரமா மண்டிக் கெடக்கும். இதுக்கா வெளிநாட்டு விதை வாங்குனீக?”

முத்துக்கிருஷ்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். வெளிநாட்டு ரகத்தைக் காய்க்க வைத்துக் காட்டினால் ஆமத்தூர் நிலத்தை விவசாயத்துக்குத் தருவதாக மாமனார் சீனிவாசகம் சொல்லியிருந்தார். இல்லையென்றால் ஆயுசுக்கும் அவருடைய அச்சகத்தில் காலண்டருக்குத் தகரம் அடிக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்.

செடிகளைச் செல்போனில் படம் பிடித்தான். ஒன்றைத் தவிர எல்லாமே களை என்றது செல்போன். பிடுங்கிக் குப்பையில் எறிந்தான். மிச்சமிருந்த செடியில் ஒரு கூட்டைப் பிரித்தான். உள்ளே சிவப்பாக ஒரு மணி.

“அமுக்கரா,” என்றாள் யோகேஸ்வரி. “இதோட கிழங்கைத்தான் எங்கப்பா மூட்டுவலிக்குப் பால்ல போட்டுக் குடிக்கிறாக. பாத்ததும் கண்டுபிடிச்சிருவாக.”

அதையும் பிடுங்கினான். குப்பையிலிருந்த சொடக்குத் தக்காளியை எடுத்து மறுபடி நட்டான். தலை தொங்கியது. விளக்குமாற்றுக் குச்சியால் முட்டுக் கொடுத்தான். மதுரைக்குப் போய்க் கோலிக்குண்டு அளவில் மஞ்சளாக இருந்த அந்த வெளிநாட்டுப் பழத்தை வாங்கிவந்து, வெடிக்கு லேபிள் ஒட்டும் பசையால் கிளைகிளையாக ஒட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காரிலிருந்து இறங்கிய மாமனார் நேரே செடிக்குத்தான் வந்தார்.

“என்ன மாப்ளே, வாடியிருக்கு?”

“பழத்தோட பாரம் மாமா.”

“அமுக்கராதான இது?”

“அது செவப்பால்ல இருக்கும்?”

“அப்ப நம்மூரு சொடக்கு.”

“அது இம்புட்டுப் பெருசா காய்க்குமா மாமா?”

ஒன்றைப் பறித்தார். “வெரல்ல பிசுபிசுங்குதே?”

“செடியோட பாலு மாமா.”

வாயில் போட்டார். “புளிக்குது.” இன்னொன்று. “ரொம்பப் புளிக்குது.” ஒரு கிளையே காலியானது.

“நல்லாயில்லாமலா இம்புட்டும் தின்னீக?” என்றாள் மகள். “வாக்குக் குடுத்தீகள்லப்பா?”

“தர்றேன் தாயி,” என்று முனகிவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி ஃபேனைத் தேடி உள்ளே போனார்.

முத்துக்கிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டான். இனி தகரம் கிடையாது.

கார் டிரைவர் செல்லச்சாமி தலையில் கை வைத்து நின்றார்.

“கெடுத்துட்டீகளே மாப்ளேய்யா! அந்த நெலத்தை ஆடி மாசமே வித்தாச்சு. பழத்தைக் கொறை சொல்லித் தட்டிக் கழிக்கத்தான் மொதலாளி இன்னிக்குக் கெளம்பி வந்தாக.”