ஆனைக்கரைப் பவுன் காசும் என் தராசும்

பழைய பிரிட்டிஷ் காசு சேர்க்கிறவன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது. தேவிகுளத்தில் நான் வேலை பார்க்கிற தாலுகா ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் நின்றால், முன்பின் தெரியாத ஆள் வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுப்பார். உள்ளே கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் ராமர் சீதை படமும் போட்ட செம்புக் காசு இருக்கும். எத்தனை கோடி போகும் என்பார். கம்பெனிக்காரன் அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை, இது திருவிழாக் கடைச் சாமான் என்பேன். அவருடைய கோடியை நான் அமுக்கப் பார்க்கிறேன் என்கிற மாதிரி முறைத்துவிட்டு, செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டுவார். (அந்த வீடியோக்காரன் மட்டும் ஒருநாள் என் கையில் கிடைக்கட்டும்.)

இவ்வளவு எரிச்சல்படுகிற நீ பெரிய ஒழுங்கா என்று கேட்டால், அதுதான் இல்லை. ஆனைக்கரையில் நான் அடித்த கூத்தைப் பார்த்தால் அந்த வீடியோக்காரனெல்லாம் உத்தமன். என் தம்பியின் கல்யாணமே அதில் கவிழப் பார்த்தது.

தம்பி சரவணன் மூணாறில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். தங்கமான பையன். ஆனால் போகிற வீட்டிலெல்லாம் ஜீப் சொந்தமா வாடகையா என்று கேட்பார்கள். வாடகை என்று உண்மையைச் சொல்லித் தொலைப்பான். அத்தோடு பேச்சு வெயிலுக்கும் மழைக்கும் மாறிவிடும். இப்படிப் பல வீடுகளில் காப்பி குடித்துத் திரும்பிய பிறகுதான் குமுளிப் பக்கம் ஆனைக்கரையில் ஒரு இடம் வந்தது. ஏலத்தோட்டக் குடும்பம். பெண் பெயர் சங்கீதா, பி.காம். படித்துவிட்டு அப்பாவோடு ஏலக்காய் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து தம்பி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். இந்த இடமும் தட்டிப்போனால் இனிமேல் பெண் பார்க்க எங்கேயும் வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான்.

கிளம்பும்போது அம்மா என்னை வாசலில் மறித்தாள்.

"யய்யா, அங்கன வந்து காசு கீசுன்னு வாயத் தொறக்கப்பிடாது. அந்தப் பைய வச்சிட்டு வா."

பை என்றால் என் சாமான் பை. சத்தியமாக வைத்துவிட்டேன். உள்ளே இருந்த பூதக்கண்ணாடி, சோப்பு டப்பா அளவு எலக்ட்ரானிக் தராசு, விட்டம் அளக்கிற கருவி, காந்தம் ஆகியவற்றை மட்டும் பேண்ட் பாக்கெட்டுகளில் போட்டுக்கொண்டேன். (பையைத்தானே வைக்கச் சொன்னாள்?)

ஆனைக்கரையில் எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. ஜீப் வாடகைதான் என்பது தெரிந்தும் யாரும் முகம் சுளிக்கவில்லை. பெண்ணின் அப்பா செல்லையா மனிதர் கலகலப்பாகப் பேசினார். அந்தக் கலகலப்பில்தான் வினை வந்தது. தரகர் என்னைப் பற்றி ஏற்கெனவே ஓதியிருக்கிறார்.

"தம்பி பழைய காசெல்லாம் பாத்துச் சொல்லுவீகளாம்ல? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லி, உள்ளேயிருந்து ஒரு சங்கிலியைக் கொண்டுவரச் சொன்னார். அதில் டாலராக ஒரு பவுன் காசு தொங்கியது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல் வீரன். அசல் பிரிட்டிஷ் சவரன்.

செல்லையாவின் அப்பா மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரைக்கு கார் ஓட்டியவராம். துரை சீமைக்குத் திரும்பிப் போகிறபோது கையைப் பிடித்துக் கொடுத்த காசாம். ஏலக்காய் விலை தரைக்கு வந்த காலத்தில்கூட அடகுக்கடைப் படி ஏறாத காசு, கல்யாணத்தன்று சங்கீதா கழுத்தில்தான் ஏறும் என்றார். சுவரில் மாலை போட்ட போட்டோவிலிருந்து அந்தப் பெரியவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? 'நல்ல காசுங்க, பத்திரமா வச்சுக்கோங்க' என்று சொல்லிவிட்டு பஜ்ஜியைக் கடிப்பான். சரி, புத்தியுள்ள காசுக்காரன் என்ன செய்வான்? முதலில் கண்ணால் பார்ப்பான். வருஷம் என்ன, குதிரையின் காலடித் தரையில் குட்டியாக ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று தேடுவான். அந்த எழுத்துதான் காசு எந்த ஊரில் அடித்தது என்று சொல்லும். பம்பாயில் சவரன் அடித்தது 1918இல் மட்டும்தான், அதற்கு 'I' என்கிற எழுத்து. அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட மாட்டோமா என்று எத்தனையோ வருஷமாக ஏங்குகிறவன் நான்.

ஆனால் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணால் பார்ப்பதில் என்ன கெத்து இருக்கிறது? தராசை வெளியே எடுத்தேன். அம்மா என் பாக்கெட்டைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"சங்கிலியக் கழட்டிருங்க. சங்கிலியோட எடை போட்டா கணக்கு தப்பிரும்" என்று வகுப்பு எடுத்தேன். கழற்றிக் கொடுத்தார்கள். அசல் சவரன் எட்டு கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு, 7.98 என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் காசை வைத்தேன். தராசு 8.54 என்றது.

விட்டத்தை அளந்தேன். எப்படி வைத்தாலும் கருவியில் ஒழுங்காக உட்காராமல், கூடுதலாகக் காட்டியது. விரல் நுனியில் வைத்து இன்னொரு காசால் தட்டினேன். நல்ல தங்கக் காசு மணி மாதிரி கேட்க வேண்டும். இது டொக் என்றது. காந்தத்தைக் காட்டினேன், ஒட்டவில்லை. ஒட்டவில்லை என்பதற்காக நம்பிவிட முடியாது என்று அதையும் நானே தள்ளுபடி செய்தேன்.

"மன்னிக்கணும், இது அசல் இல்ல. உள்ள டங்ஸ்டன் வச்சு மேல தங்கம் பூசியிருக்கலாம்" என்றேன். டங்ஸ்டன் என்றால் என்ன என்று கேட்ட பெண்ணின் தாய்மாமாவுக்கு, பல்புக்குள் இருக்கிற கம்பி என்று விளக்கமும் கொடுத்தேன்.

செல்லையா மெதுவாக எழுந்தார். "அப்ப துரை எங்க அய்யாவுக்குப் பல்புக் கம்பியக் குடுத்து ஏமாத்திட்டாருங்கிறீகளா?"

அந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கலாம். துரைதான் ஏமாற்றியிருக்க வேண்டும் என்றில்லை, பிற்பாடு வீட்டில் யாராவதுகூட மாற்றியிருக்கலாம் என்று சமாதானம் சொன்னேன். உட்கார்ந்திருந்த தாய்மாமாவும் எழுந்துவிட்டார். காசைச் சங்கிலியில் கோர்க்க வளையம் பற்றவைக்க ஆசாரியிடம் எடுத்துப் போனவர் அவர்தானாம். பஜ்ஜித் தட்டு என் முன்னாலிருந்து தானாக நகர்ந்து உள்ளே போனது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பத் தயாரானாள். தம்பி கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்தபிறகுதான் நான் வாயை மூடினேன்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த சங்கீதா தராசுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். என்னிடம் பேசவில்லை, அவளுடைய அப்பாவிடம் பேசினாள்.

"ஏலக்காய எடை போட்டா சாக்கக் கழிப்போம்லப்பா? இவுக சங்கிலியக் கழட்டச் சொன்னாக, சரி. மேல இருக்க வளையத்த யாரு கழிப்பா?"

பார்த்தேன். ராஜாவின் தலைக்கு மேலே, குத்துக்கல் மாதிரி, வளையம். எடை கூடியது அதனால். கருவியில் உட்காராதது அதனால். டொக் என்றதும் அதே சனியனால். வளையத்துக்கு ஆசாரி அரை கிராமுக்குமேல் தங்கம் பிடித்தார் என்று தாய்மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கழித்தால் கணக்கு அச்சாக வந்தது. எனக்கு அந்தத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

முதலில் சிரித்தது தம்பிதான். பெண் பார்க்க வந்த இடம் என்பதையெல்லாம் மறந்து, டம்ளரிலிருந்த காப்பி வேட்டியில் கொட்ட அப்படிச் சிரித்தான். அதைப் பார்த்து சங்கீதாவும் சிரித்துவிட்டாள். செல்லையா மட்டும் சிரிக்கவில்லை. மகளோடு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, பையனைப் பிடித்திருக்கிறது என்றார். ஆனால் ஒரே ஒரு கண்டிஷன்.

"இந்த அண்ணங்காரர் என்னைக்கும் இந்தக் காசுகிட்ட வரப்படாது."

அவர் முடிப்பதற்குள் அம்மா சுவரிலிருந்த பெரியவர் போட்டோவைத் தொட்டு என் சார்பில் சத்தியம் செய்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பூப்பாறை தாண்டித்தான் எனக்கு உறைத்தது. காசின் வருஷத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

கல்யாணம் நடந்தது. இப்போது எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். தினமும் சங்கீதா சோறு பரிமாறும்போது அந்தக் குதிரை எனக்கு எட்டாத தூரத்தில் ஆடுகிறது. தம்பியைப் படித்துச் சொல்லச் சொன்னேன். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டுண்ணே. குதிரைக்குக் கீழ கோடு மாதிரி என்னமோ இருக்கு. எழுத்தா கீறலான்னு தெரியல" என்றான். 'I' என்கிற எழுத்தே கோடுதானே, மடையா! போட்டோவாவது எடுத்து அனுப்பச் சொன்னால், சங்கீதா ஒவ்வொரு தடவையும் ராஜா தலைப் பக்கத்தை எடுத்து அனுப்புகிறாள். மீன் வாங்கி வந்தால் வளையத்தைக் கழித்தாயா என்று கேட்காத ஆள் எங்கள் வீட்டில் இல்லை.

ஒரே ஒரு தடவை அந்தக் காசு என் கைக்கு வந்திருக்கும். சங்கீதாவைப் பிரசவத்துக்கு உள்ளே கொண்டுபோகும்போது நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான், அம்மா பில் கட்டப் போயிருந்தாள். நர்ஸ் சங்கிலியை என்னிடம் நீட்டினாள். என் கை ஒன்று அதை வாங்கப் போனது, இன்னொன்று பூதக்கண்ணாடியைத் தேடிப் போனது. வலியில் முனகிக்கொண்டிருந்த சங்கீதா ஸ்ட்ரெச்சரில் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"சிஸ்டர், அவர்கிட்ட மட்டும் குடுத்துராதீங்க."

நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அம்மா வரும்வரை சங்கிலியைத் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நான்தான் ஆனைக்கரைக்குப் போன் போட்டேன். தாயும் பிள்ளையும் நலம், பிள்ளை இரண்டே முக்கால் கிலோ என்றேன். செல்லையா விசும்புகிற சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்டிஷன் போட்ட அன்றைக்கு இருந்த அதே குரலில் கேட்டார்:

"துணியக் கழிச்சா தம்பி?"