பையன் சீரியஸ்

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் ஃபிரேமைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள்.

“அப்பா, அவர் சீரியஸ்ப்பா” என்றாள். அத்தோடு வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

அவர் என்றால் மகளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பையன். ஆறு மாதமாக அவள் கல்யாணப் பேச்சை எடுத்தாலே இவர் எழுந்து போய்விடுவார். பையனின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. சாகக் கிடக்கிற பிள்ளையையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம் என்று நெஞ்சு பதறியது.

மனைவியிடம் நம்பர் வாங்கி, பையனின் அம்மாவைக் கூப்பிட்டார். உங்கள் மகன் சீரியஸாமே என்று தழுதழுத்தார்.

“சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாங்க” என்றார் அந்த அம்மா.

பெற்றவள் இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாளே என்று இவருக்குக் குழப்பம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். வீட்டில்தான் இருக்கிறான் என்று பதில் வந்தது. டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. விலாசம் கேட்டுக்கொண்டு, வாடிக்கையாளரை அரைகுறைக் கண்ணாடியோடு அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

கதவைத் திறந்ததே பையன்தான். “வாங்க சார், நீங்க வர்றதா அம்மா சொன்னாங்க” என்றான்.

“நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? போய்ப் படுங்க தம்பி.”

பையன் திருதிருவென்று விழித்தான். பெண்ணின் அப்பா முதன்முதலாக வந்து ஒன்று சொல்கிறார், மறுக்க முடியுமா? ஷூவோடு சோபாவில் படுத்தான். இவர் போர்வை தேடிக் கிடைக்காமல், மேஜை விரிப்பை உருவிக் கழுத்துவரை போர்த்திவிட்டார். பூச்சாடி உருண்டு விழுந்ததை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

“எத்தனை நாளா இப்படி?”

“ரெண்டு வருஷமா, சார்.”

“மாறவே மாறாதா?”

“சாகிறவரைக்கும் மாறாது, சார்.”

கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. உனக்கு என்ன ஆசையோ கேள், செய்கிறேன் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பையன் தயங்கித் தயங்கி, உங்கள் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்றான். இவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் சத்தியம் செய்து கொடுத்தார். பையன் விரிப்பை உதறிவிட்டு எழுந்து குதித்தான். அவனைத் திரும்பப் படுக்கவைக்க இவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

தண்ணீரோடு வந்த அம்மா இந்த மல்லுக்கட்டைப் பார்த்து நின்றார். எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள் என்று இவர் மூச்சு வாங்கக் கேட்டார்.

“எனக்கு எதுக்கு சார் டாக்டர்?” என்றான் பையன். “நான் கல்யாண விஷயத்துல சீரியஸ்.”

கடைக்காரர் தொப்பென்று உட்கார்ந்தார். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. மகள் சொன்னதை நாமே தப்பாகப் புரிந்துகொண்டோமே என்று முனகினார்.

அம்மா தண்ணீரை அவர் கையில் கொடுத்தார்.

“விடுங்க சம்பந்தி. உங்க பொண்ணு சீரியஸ்னு சொல்லித்தான் நேத்து எங்க வீட்டுக்காரரையும் சம்மதிக்க வெச்சோம்.”