வால் முளைக்காத ஈஸ்ட்டும் காட்டேரியம்மாவும்

நாமக்கல் பக்கம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபுக்குள் நுழைந்து, ரத்தம் கொடுக்காமல் வெளியே போன ஆரோக்கியசாலி ஒருவர்கூடக் கிடையாது. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்:

1. ஏசி பழுதுபார்க்க வந்தவர் ஏணியில் ஏறுமுன் கையை நீட்ட வேண்டியதாயிற்று.

2. தணிக்கைக்கு வந்த அதிகாரி கொடுத்தார். அதன் பிறகு அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

3. என்னைப் பெண் பார்த்த மாப்பிள்ளை, நான் வேலை செய்யும் இடத்தையும் பார்க்க ஆசைப்பட்டார். அவரும் கொடுத்தார். சம்பந்தம் அமையவில்லை. "ஆளு போனாப் போறான் சாமி, சீரம் அருமை" என்றார் எங்கள் டாக்டர்.

அந்த நுண்ணுயிரியல் டாக்டருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் காட்டேரியம்மா.

"ஏனுங்க, மாத்திரை மருந்து ஏதாச்சும் சாப்புடறீங்களா?"

"இல்லீங்க டாக்டர்."

"அப்பக் கையை நீட்டுங்க."

காரணம் உண்டு. ஐசியு நோயாளிகளின் ரத்தத்தில் சில சமயம் ஈஸ்ட் வளரும். ரொட்டியைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டின் பொல்லாத பங்காளி. அதை, ஆரோக்கியமானவர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரான புது சீரத்தில் போட்டுச் சில மணி நேரம் சூட்டில் வைத்தால், வழக்கமான இனத்துக்குச் சின்ன வால் முளைக்கும். முளைத்தால் சாதாரண மருந்தே பெரும்பாலும் போதும். முளைக்காவிட்டால் வந்திருப்பது வேறு ஆள். பழைய சீரத்தை டாக்டர் நம்பவே மாட்டார்.

போர்வெல் போடும் ரிக் வண்டியின் டிரைவர் ஒருவன் விபத்தில் அடிபட்டு ஐசியுவில் கிடந்தான். காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தத்தில் ஈஸ்ட். வால் முளைக்கவில்லை. கிருமியை இனங்காணும் மெஷினில் வைத்தோம், அது ஒரு பெயரைச் சொன்னது. டாக்டர் சிரித்தார்.

"இந்த மெஷினு தெரியாத மூஞ்சியப் பாத்தா, பக்கத்து ஊட்டுக்காரன் பேரைச் சொல்லிப்போடும் சாமி. இது மருந்துக்கு மசியாத சாதி. படுக்கை விட்டுப் படுக்கை தாவும்."

ஐசியு டாக்டர் உடனே மருந்தை மாற்றினார். மீதி இரண்டு காரியங்கள் மேனேஜர் கையில் இருந்தன: டிரைவரைத் தனி அறைக்கு மாற்றுவது, மாதிரியைப் பெரிய லேபுக்கு அனுப்பிப் பெயரை உறுதி செய்வது. பக்கத்துப் படுக்கையில் சேலத்து ஜவுளிக்கடை பாய் ஒருவர், செயற்கை சுவாசக் குழாயோடு படுத்திருந்தார். அவருக்குத் தாவுவதற்குள் இரண்டும் நடக்க வேண்டும்.

மேனேஜருக்குச் சொந்தமாகக் கோழிப்பண்ணை உண்டு.

"வெளிய தெரிஞ்சா பெட்டெல்லாம் காலியாயிருமுங்க டாக்டரம்மா. மெஷின் சொன்ன பேரையே எழுதிக் குடுத்துருங்க."

"பண்ணையில ஒரு கோழி தலையச் சாய்ச்சா என்ன பண்ணுவீங்க?"

"தனியாப் பிரிச்சு, ஷெட்டு பூரா மருந்தடிப்போமுங்க."

"அப்பிடியா? பாயை ஒரு கோழின்னு நெனச்சுக்கங்க."

மேனேஜர் நினைத்துக்கொள்ளவில்லை. டிரைவர் அதே படுக்கையில் கிடந்தான்; மெஷின் சொன்ன பெயருக்குக் கையெழுத்துப் போட டாக்டர் மறுத்தார். மாதிரியை முறைப்படி பொதிந்து, தன் பெயரிலேயே சென்னைக்கு அனுப்பினார். அன்று லேபுக்கு வந்த யாரிடமும் அவர் ரத்தம் கேட்கவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பதில் வருவதற்குள் பாயின் ரத்தத்திலும் ஈஸ்ட் வளர்ந்துவிட்டது. வால் இல்லை. டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமல், "தாவிருச்சு" என்றார். சென்னையிலிருந்து வந்த பெயர், அவர் சொன்ன அதே மருந்துக்கு மசியாத சாதியின் பெயர்தான். பாய் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அனுமதியில்லாமல் மாதிரியை வெளியே அனுப்பிய குற்றத்துக்காக டாக்டரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒருவரும் வழியனுப்பப் போகவில்லை. நான் போனேன்.

இன்றைய நிலவரம் இது. டிரைவர் பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டான். பாயின் பிள்ளைகளிடம் வயதாகிவிட்டது, நெஞ்சில் சளி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஐசியுவில் இப்போது தனி அறை இருக்கிறது. திறந்துவைத்தவர் என்று மேனேஜரின் பெயரைச் சலவைக்கல்லில் பொறித்திருக்கிறார்கள். டாக்டர் ஆத்தூரில் ஒரு சின்ன லேபில் சர்க்கரை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆத்தூர் பஸ் ஏறுகிறேன். அவருக்குச் சண்டை போட ஓர் ஆள் வேண்டும். எனக்கு அவர் வேண்டும்.